குளிரைத் தேடிய கதை – 9: மரத்தூளுக்குள் ஒரு குளிர்காலம்

சென்ற வாரம் லாகூரில், அக்பரின் அரண்மனையில் நிறுத்தியிருந்தேன். வடக்கு மலைகளிலிருந்து படகிலும் வண்டியிலும் ஆட்களின் தலையிலுமாக ஐஸ் வந்து இறங்கியதை அவருடைய அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் ஆயினே அக்பரி நூலில் எழுதிவைத்திருக்கிறார் என்று பார்த்தோம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். லாகூருக்குப் பக்கத்தில் இமயமலை இருந்தது, சரி. மெட்ராஸுக்குப் பக்கத்தில் என்ன இருந்தது? திருவல்லிக்கேணியில் ஐஸ் ஹவுஸ் என்று ஓர் இடமே இருக்கிறதே, அந்த ஐஸ் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்து வந்தது. பாஸ்டன் நகரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் உறைந்த தண்ணீரைப் பாளம் பாளமாக அறுத்து, பாய்மரக் கப்பலில் ஏற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி, நான்கு மாதம் கடலில் வைத்திருந்து கொண்டுவந்தார்கள். குளிர்ப்பெட்டி கிடையாது, மின்சாரம் கிடையாது. அப்படியும் ஏற்றியதில் பாதிக்கு மேல் ஐஸாகவே வந்து சேர்ந்தது.

இந்தத் தொடரைத் தொடங்கிய நாளிலிருந்து நான் எழுதக் காத்திருந்த அத்தியாயம் இதுதான். ஐஸை உண்டாக்கியது இயற்கை. அதை வைத்துக்கொள்ளும் வித்தையை மனிதர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு அவர்கள் நம்பியது குப்பைக்குப் போகிற பொருள்களை.

சிறு வயதில் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு சர்பத் கடை இருந்தது. தள்ளுவண்டிக்கு அடியில் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் மரத்தூள், மரத்தூளுக்குள் கோணிச்சாக்கு, சாக்குக்குள் ஐஸ் பார். காலையில் ஐஸ் கம்பெனியிலிருந்து சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவருவார் கடைக்காரர். யாராவது நன்னாரி சர்பத் கேட்டால் தூளை ஒதுக்கி, சாக்கை விலக்கி, ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி ஐஸைக் கழுவி, கட்டையால் ஒரு தட்டு. உடைந்த துண்டு டம்ளருக்குள் போகும். மறு நொடியே சாக்கை மூடித் தூளை மேலே தள்ளிவிடுவார். ஒரு நாள் நான் பெட்டி மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். "தெறந்து வைக்காத தம்பி, காத்து பட்டா கரைஞ்சிரும்" என்றார். வெயில் பட்டால் என்று அவர் சொல்லவில்லை, காற்று பட்டால் என்றார். பெட்டியின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். சித்திரை மாதத்திலும் மாலை விளக்கு வைக்கும் நேரம்வரை அந்தப் பெட்டியில் ஐஸ் மிச்சம் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தூள், மூடி, ஓட்டை. இந்த வாரக் கதை முழுவதும் இந்த மூன்றுக்குள்தான் இருக்கிறது.

முதலில் ஐஸின் குணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஐஸ் எளிதில் உருகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது பிடிவாதமான பொருள். 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ ஐஸை அதே 0 டிகிரித் தண்ணீராக மாற்றச் செலவாகும் வெப்பத்தைக் கொண்டு, அந்தத் தண்ணீரைக் கிட்டத்தட்ட 80 டிகிரிவரை கொதிநிலைப் பக்கம் கொண்டுபோய்விடலாம். உருகுவதற்கு மட்டுமே இவ்வளவு வெப்பம் உள்ளே போக வேண்டும் என்பதை 1760-களில் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் அளந்து காட்டினார். வெப்பம் நுழைகிற வேகத்தைக் குறைத்துவிட்டால் ஐஸ் மாதக்கணக்கில் இருக்கும். இன்னொரு விஷயம், அளவு. ஒரு கட்டியின் பக்கத்தை இரட்டிப்பாக்கினால் எடை எட்டு மடங்கு கூடும். வெளியே தெரியும் பரப்போ நான்கு மடங்குதான் கூடும். வெப்பம் பரப்பு வழியாகத்தானே நுழைய வேண்டும்? அதனால் பெரிய குவியல் சிறிய குவியலைவிட நெடுநாள் நிற்கும். டம்ளரில் இருக்கும் துண்டு ஐந்து நிமிடத்தில் காணாமல் போவதும், ஒரு மலையளவு ஐஸ் வருடத்தைத் தாண்டுவதும் இதனால்தான்.

இந்தக் கணக்கெல்லாம் எழுத்தில் வருவதற்கு வெகு காலம் முன்பே கைப்பழக்கத்தில் இருந்தது. ஈரானின் யக்சால் என்ற பழைய ஐஸ் கிடங்குகளை நான்காம் வாரத்தில் பார்த்தோம். கொரியாவின் கியோங்ஜு நகரத்தில் 1738-ஆம் ஆண்டில் கல்லால் கட்டிய ஐஸ் கிடங்கு ஒன்று இன்றும் இருக்கிறது. மேலே புல் முளைத்த மண்மேடு, உள்ளே கல் வளைவுகள், தரையோ ஒரு பக்கமாகச் சரிந்து போகிறது. உருகிய தண்ணீர் ஒரு நிமிடம்கூட ஐஸோடு தங்கக் கூடாது என்பதற்காக அந்தச் சரிவு. சர்பத் வண்டிப் பெட்டியின் ஓட்டைதான் அங்கே கல்லில் இருக்கிறது.

இந்தியச் சமவெளியிலேயே ஐஸ் எடுத்தவர்கள் இருந்தார்கள். இதைப் பலர் நம்ப மாட்டார்கள். வங்காளப் படையின் தளபதியாக இருந்த ராபர்ட் பார்க்கர் 1775-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் இதை விவரமாக எழுதியிருக்கிறார். அவர் பார்த்தது அலகாபாத் பக்கத்தில். திறந்த வெளியில் 30 அடிச் சதுரத்துக்கு இரண்டடி ஆழத்தில் பள்ளம் வெட்டுவார்கள். அடியில் முக்கால் அடி, ஓரடி உயரத்துக்குக் காய்ந்த கரும்புத் தட்டையோ சோளத்தட்டையோ பரப்புவார்கள். அதன் மேல் வரிசை வரிசையாகச் சின்ன மண் தட்டுகள். மெருகு ஏற்றாத, நீர் கசியும் மண். கால் அங்குலக் கனம், ஒன்றேகால் அங்குல ஆழம். பொழுது சாய்ந்ததும், கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை ஒவ்வொரு தட்டிலும் ஊற்றிவிட்டுப் போய்விடுவார்கள். மார்கழி, தை மாதங்களில் காற்றில்லாத, மேகமில்லாத இரவு அமைந்தால் விடியலில் தட்டுகளில் ஐஸ் பிடித்திருக்கும். சூரியன் எழுவதற்குள் எல்லாத் தட்டையும் கூடையில் கவிழ்த்துவிட வேண்டும்.

காற்று உறைநிலைக்கு வராத இரவிலும் தட்டில் ஐஸ் எப்படி? தெளிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தண்ணீர் தன் வெப்பத்தை மேலே வீசிக்கொண்டே இருக்கிறது. தட்டைப் படுக்கை கீழே இருக்கும் மண்ணின் சூட்டை மேலே வரவிடாமல் தடுக்கிறது. பனித்துளி எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814-இல் இதற்கு விளக்கம் சொன்னார். தட்டு பரப்பியவர்களுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. எந்த இரவில் தண்ணீர் ஊற்றலாம், எந்த இரவில் ஊற்றினால் வீண் என்பதை வானத்தைப் பார்த்தே சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்.

பிறகு சேமிப்பு. இதற்கென்று 14, 15 அடி ஆழத்தில் தனிக் குழி. சுற்றிலும் வைக்கோல், அதன் மேல் முரட்டுக் கம்பளி. கூடை கூடையாக ஐஸைக் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குவார்கள். அந்தக் குளிரிலேயே துண்டுகள் ஒன்றோடொன்று உறைந்து ஒரே பாறையாகிவிடும். துண்டுகளுக்கு நடுவே காற்று இருக்கக் கூடாது என்பதுதான் இடிப்பதன் காரணம். மேலே வைக்கோல், கம்பளி, அதற்கும் மேல் கூரை. கோடை வரும்போது அந்தக் குழியைத் திறப்பார்கள். வங்காளத்தில் ஹூக்ளிக் கரையிலும் இப்படியே எடுத்தார்கள். கல்கத்தாவின் வசதிக்காரர்களுக்கு ஹூக்ளி ஐஸ் பழக்கமான பொருள். மண்ணும் தூசியும் கலந்து கொழகொழப்பாக இருக்கும், தண்ணீரில் நேராகப் போட முடியாது. பாத்திரத்தைச் சுற்றி வைத்துக் குளிரவைக்கத்தான் பயன்பட்டது.

மெட்ராஸுக்கு இந்த வழியும் இல்லை. கடலோர ஊர், இரவில்கூடக் காற்றில் ஈரம் நிற்கும். மார்கழி விடியலிலும் தட்டுத் தண்ணீர் தட்டுத் தண்ணீராகவே இருக்கும். அதனால் மெட்ராஸுக்கு ஐஸ் என்றால் அது கடல் வழியாகத்தான் வர வேண்டும்.

கடல் வழியாக அனுப்ப முடியும் என்று நம்பியவர் ஃபிரெடரிக் டியூடர். 1783-இல் பாஸ்டனில் வசதியான வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தவர். அவர்கள் பண்ணையில் ஒரு குளம் இருந்தது. பணக்கார வீடுகள் பலவற்றில் இருந்ததுபோல அவர்கள் வீட்டிலும் குளத்து ஐஸைக் கோடைவரை வைத்துக்கொள்ளும் நிலவறை இருந்தது. இதை வெப்ப நாடுகளுக்கு அனுப்பி விற்றால் என்ன என்று அண்ணன் வில்லியம் விளையாட்டாகச் சொன்னதைத் தம்பி பிடித்துக்கொண்டார். ஊரே சிரித்தது. சரக்கேற்றக் கப்பல்காரர்கள் முன்வரவில்லை, உருகிய தண்ணீர் கப்பலை மூழ்கடித்துவிடும் என்ற பயம். டியூடர் தானே ஒரு கப்பலை விலைக்கு வாங்கினார். 1806 பிப்ரவரியில், 22 வயதில், 130 டன் ஐஸோடு பாஸ்டனை விட்டு மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்ட்டினிக் நோக்கிக் கப்பல் கிளம்பியது.

மூன்று வாரத்தில் ஐஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கேதான் ஆட்டம் கண்டது. மார்ட்டினிக்கில் ஐஸை இறக்கிவைக்கக் கிடங்கு தயாராக இல்லை. கப்பலிலிருந்தே விற்க வேண்டியதாயிற்று. வாங்கியவர்கள் ஐஸைக் கண்ணால் பார்த்திராதவர்கள். உச்சி வெயிலில் தெருவோடு தூக்கிப் போய் வாசலில் தட்டில் வைத்துவிட்டு, உருகுகிறதே என்று குறைப்பட்டுக்கொண்டார் ஒருவர். இன்னொருவர் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவைத்தார். மூன்றாமவர் கெடாமல் இருக்கட்டும் என்று உப்பில் புதைத்தார்! உப்பு பட்டால் ஐஸ் இன்னும் வேகமாக உருகும். டியூடர் தன் கடிதத்தில் இதை வேதனையோடு எழுதியிருக்கிறார். அங்கிருந்த தோட்டக் கேளிக்கை விடுதிக்காரர் ஒருவருக்கு ஐஸ்கிரீம் செய்துகொடுத்து, இப்படியும் பயன்படும் என்று காட்டவும் செய்தார். ஆனாலும் பெரும்பகுதி தண்ணீராகப் போனது. பல ஆயிரம் டாலர் நட்டம்.

டியூடரின் வாழ்க்கையைப் படிக்கும்போது என்னை நிறுத்திய இடம் இதுதான். ஐஸைக் கடல் தாண்டிக் கொண்டுபோவது கடினம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது நடந்துவிட்டது. போய்ச் சேர்ந்த இடத்தில் வைக்க ஒரு வீடு இல்லாததுதான் அவரைக் கவிழ்த்தது. இந்தப் பாடத்தை அவர் விலை கொடுத்துத்தான் கற்றார். கடன் ஏறியது. 1812-லும் 1813-லும் கடனாளிச் சிறையில் இருந்திருக்கிறார்.

அடுத்த முயற்சியில் கிடங்கு முதலில், கப்பல் பிறகு. கியூபாவின் ஹவானாவில் அரசாங்க அனுமதி பெற்று மரத்தால் ஒரு கிடங்கு கட்டினார். பெட்டிக்குள் பெட்டி வைத்ததுபோல இரட்டைச் சுவர், நடுவே வெப்பம் கடத்தாத தூள். எந்தப் பொருளை நிரப்பினால் எவ்வளவு உருகுகிறது என்று பார்ப்பதற்குக் கையில் கடிகாரத்தோடு வடிகால் வாயில் நிற்பார். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் வெளியே வருகிறதோ அதுதான் அவருக்குக் கிடைக்கும் மதிப்பெண். வைக்கோல், மரச்சீவல், மரத்தூள் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடும்போது எவ்வளவு கூடுகிறது என்றும் அளந்தார். பழைய நிலவறைக் கிடங்குகளில் ஒரு பருவத்தில் 60 சதவீதத்துக்கு மேல் உருகிப் போகும். டியூடரின் வகைக் கிடங்குகளில் அது 8 சதவீதம் அளவுக்கு இறங்கியது.

ஐஸை மண்ணுக்கு அடியில் வைத்தால்தான் நிற்கும் என்பது உலகம் முழுக்க இருந்த நம்பிக்கை. மண் வெயிலைத் தடுக்கும், ஆனால் ஈரத்தைப் பிடித்துவைக்கும், தண்ணீர் வடியவிடாது. நனைந்த வைக்கோல் வெப்பத்தைத் தடுக்காது, கடத்தத் தொடங்கிவிடும். தரைக்கு மேலே, உலர்ந்த இடத்தில், வடிகாலோடு கட்டினால் நிலவறையைவிட நன்றாக நிற்கும் என்று அளந்து காட்டினார்கள். வடிகாலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தண்ணீர் போகும் வழியில் வெளிக்காற்று உள்ளே வந்துவிடக் கூடாது. அதனால் குழாயை வளைத்து, வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும்படி செய்வார்கள். நம் வீட்டுக் கைகழுவும் தொட்டிக்கு அடியில் வளைந்து போகும் குழாய் இதே வேலையைத்தான் செய்கிறது, அங்கே தடுப்பது நாற்றத்தை.

கிடங்கு சரியானதும் ஏரியில் அறுப்பு சரியாக வேண்டியிருந்தது. கோடரியாலும் ரம்பத்தாலும் கோணல் மாணலாக உடைத்த ஐஸை அடுக்கினால் இடையெல்லாம் சந்து, சந்தெல்லாம் காற்று. கேம்பிரிட்ஜ் ஊரின் ஃபிரெஷ் பாண்ட் ஏரிக்கரையில் விடுதி நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த நத்தானியல் வையத் இதற்கு விடை கண்டார். குதிரை இழுக்கும் ஏர். ஆனால் மண்ணை உழுவதற்கல்ல, ஐஸில் கோடு கீறுவதற்கு. ஒரு கோட்டைப் போட்டுவிட்டால் ஏரின் ஒரு பக்கக் கம்பி அந்தக் கோட்டுக்குள்ளேயே ஓடும், மறு பக்கக் கத்தி சம தூரத்தில் அடுத்த கோட்டைப் போடும். குறுக்கும் நெடுக்கும் போனால் ஏரி முழுக்கச் சதுரங்கப் பலகை. பிறகு கடப்பாரையால் நெம்பினால் செங்கல் அறுத்ததுபோல ஒரே அளவுப் பாளங்கள். அவற்றைத் தண்ணீரிலேயே மிதக்கவிட்டுக் கரைக் கிடங்குக்குத் தள்ளிப் போவார்கள். வையத் 1829-இல் காப்புரிமை பெற்றார். ஒரு டன் ஐஸ் அறுக்கும் செலவு 30 சென்ட்டிலிருந்து 10 சென்ட்டுக்கு இறங்கியது. காசைவிடப் பெரிய லாபம், பாளங்கள் சுவர்போல நெருங்கி உட்கார்ந்தன.

மரத்தூள்? அமெரிக்காவின் மெயின் மாநிலத்து மரம் அறுக்கும் ஆலைகளில் மலைபோலக் குவிந்து கிடந்தது, ஆற்றில் தள்ளிவிடுவார்கள். ஐஸ் வியாபாரம் வந்த பிறகு அதையே விலைக்கு வாங்கினார்கள். பாஸ்டனிலிருந்து இந்தியாவுக்கு வரும் கப்பல்களுக்கு ஏற்றிவரச் சரக்கு குறைவு. நிலைநிற்பதற்காகக் கல்லைப் பாரமாக ஏற்றுவார்கள். கல்லுக்குப் பதில் ஐஸ் என்றதும் கப்பல்காரர்களுக்கு அதுவே கூலி. உறைந்த தண்ணீர், ஆலைக் கழிவு, வெறுங்கப்பல். காசு பெறாத மூன்றைச் சேர்த்து ஒரு வியாபாரத்தை எழுப்பினார்கள் என்பதை நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது.

1833 மே 12-ஆம் தேதி 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பியது. செப்டம்பரில் வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. கல்கத்தாவின் வெள்ளைக்காரர்கள் மகிழ்ச்சியில் துள்ளினார்கள். அரசாங்கம் சுங்க வரியைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி பகலில்தான் சரக்கு இறக்கலாம், ஐஸுக்கு மட்டும் இரவில் இறக்க அனுமதி கிடைத்தது. கவர்னர் ஜெனரல் வில்லியம் பென்டிங்க், சரக்கோடு வந்த வில்லியம் ரோஜர்ஸுக்கு முலாம் பூசிய வெள்ளிக் கோப்பை பரிசளித்தார். நகரத்தார் சந்தா வசூலித்து நிரந்தரக் கிடங்கே கட்டிக் கொடுத்தார்கள். ஹூக்ளி ஐஸைப் பார்த்த கண்ணுக்கு, அந்தப் பக்கம் தெரியும் அளவுக்குத் தெளிவான பாளம் வேறு உலகத்துப் பொருளாகத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த இருபது ஆண்டுகளில் கல்கத்தா ஒன்றிலிருந்தே டியூடருக்குச் சுமார் 2,20,000 டாலர் லாபம் வந்ததாகக் கணக்கிடுகிறார்கள். காப்பி வியாபாரத்தில் இறங்கிப் பட்ட பெருங்கடனை அவர் அடைத்தது இந்தியாவில் விற்ற தண்ணீரால்தான்.

கல்கத்தாவுக்குப் பிறகு பம்பாய், மெட்ராஸ். மெட்ராஸின் ஐஸ் ஹவுஸ் 1842-இல் எழுந்தது.

அன்றைய மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் அலை. மனிதரோ மூட்டையோ, கரைக்கு வருவது எதுவானாலும் மசூலாப் படகில்தான் வர வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு. அலை மோதும்போது பலகை நெளிந்து கொடுக்கும், உடையாது. ஆணியடித்த ஐரோப்பியப் படகுகள் இந்த அலையில் நொறுங்கிப் போகும். நான்கு மாதம் மரத்தூளுக்குள் பத்திரமாக வந்த ஐஸ், கடைசி ஒரு மைலில் திறந்த படகில், உப்புத் தண்ணீர் தெறிக்க, வெயிலில் வர வேண்டும். அந்தக் கடைசி மைலைக் கடக்கவைத்தவர்கள் நம் கடற்கரைப் படகோட்டிகள். டியூடரின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. அவர்களுடைய பெயர்கள் இல்லை. இந்த வரலாற்றில் பாதி வேலை அவர்களுடையது என்று நான் சொல்வேன்.

ஐஸ் ஹவுஸ் ஏன் கடற்கரையை ஒட்டி இருக்கிறது என்பதற்கும் இதுதான் விடை. இன்று கட்டடத்துக்கும் அலைக்கும் நடுவே நீண்ட மணல்வெளி இருக்கிறது. 1842-இல் அது இல்லை. துறைமுகம் கட்டிய பிறகுதான் அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. அன்று கடல் கிடங்கின் பக்கத்திலேயே இருந்தது. படகிலிருந்து இறக்கிய பாளம் அதிக தூரம் வெயிலைப் பார்க்காமல் உள்ளே போய்விட வேண்டும் என்று இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அந்த வட்டக் கட்டடத்தை இன்று பார்ப்பவர்களுக்கு அது கிடங்காகத் தோன்றாது. சுற்றுத் தாழ்வாரங்களும் வரிசை ஜன்னல்களும் பின்னால் வந்தவை. ஐஸ் இருந்த காலத்தில் ஜன்னல் ஒரு எதிரி. கனமான சுவர், உயரமான உட்புறம், அவ்வளவுதான். கப்பல் வந்தால் நிறையும், அடுத்த கப்பல் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வாங்கியவர்கள் வெள்ளைக்காரக் குடும்பங்களும் வசதிபடைத்த உள்ளூர்க்காரர்களும்தான். வேலையாட்கள் கம்பளியோடு வந்து சுற்றி எடுத்துப் போவார்கள். ஜுர வேகத்தைத் தணிக்க மருத்துவர்களும் கேட்டார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவின் 'வால்டன்' நூலை நம்மில் பலர் எளிய வாழ்க்கைக்கான புத்தகமாகப் படித்திருப்போம். 1854-இல் வெளிவந்த அந்த நூலில் மெட்ராஸ் என்ற பெயர் வருகிறது. 1846–47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள், தோரோ குடிசை போட்டிருந்த வால்டன் ஏரிக்கு ஐஸ் அறுக்க வந்தார்கள். பெரும்பாலும் அயர்லாந்துக் கூலிகள், நூறு பேர். நல்ல நாளில் ஆயிரம் டன் எடுப்பதாக அவர்கள் சொன்னதைத் தோரோ எழுதிவைத்திருக்கிறார். தன் ஏரித் தண்ணீரை வெயிலில் வாடும் மெட்ராஸ்காரர்களும் பம்பாய், கல்கத்தாக்காரர்களும் குடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துப் பார்க்கிறார்.

அதைவிட எனக்கு முக்கியமானது அவர் தரும் இன்னொரு தகவல். ஏரிக்கரையில் 35 அடி உயரத்துக்கு ஒரு ஐஸ் குவியலை அடுக்கினார்கள். பத்தாயிரம் டன் இருக்கும் என்று மதிப்பு. மேலே வைக்கோலும் பலகையும் மட்டும். அடுத்த ஜூலையில் மூடியைப் பிரித்துக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனார்கள். மிச்சம் அப்படியே வெயிலில் கிடந்தது. அந்தக் கோடை முழுக்க நின்றது, அடுத்த குளிர்காலமும் நின்றது, 1848 செப்டம்பரில்தான் முழுவதும் கரைந்தது. கூரையில்லாமல், திறந்த வெளியில், ஒன்றரை ஆண்டுக்கு மேல். பெரிய குவியல் நெடுநாள் நிற்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி கிடைக்காது.

1806-இல் ஒரே கப்பல், 130 டன். 1856-இல் பாஸ்டனிலிருந்து 363 கப்பல் சரக்கு, 1,46,000 டன். டியூடர் 1864-இல் பணக்காரராக இறந்தார். அவர் கண்ணெதிரிலேயே முடிவும் தொடங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன், பிரான்சில் ஃபெர்டினாண்ட் காரே என்று பலர் 1850-களிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியிருந்தார்கள். 1874-இல் மெட்ராஸிலேயே இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி தொடங்கியது. நான்கு ஆண்டு கழித்துக் கல்கத்தாவில் பெங்கால் ஐஸ் கம்பெனி. பக்கத்துத் தெருவில் ஐஸ் செய்யும்போது பாஸ்டன் ஏரியை யார் கேட்பார்கள்? சில ஆண்டுகளில் கப்பல்கள் நின்றன.

காலியான ஐஸ் ஹவுஸை வழக்கறிஞர் பிலிகிரி அய்யங்கார் வாங்கி, ஜன்னல் திறந்து, தாழ்வாரம் கட்டி, வீடாக மாற்றினார். நீதிபதி கெர்னான் நினைவாக அதற்குக் கெர்னான் கோட்டை என்று பெயர். 1897 பிப்ரவரியில் மேலைநாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் ஒன்பது நாள் அங்கே தங்கினார். பின்னர் அரசாங்கம் கட்டடத்தை வாங்கியது. சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்காக நடத்திய இல்லமும் அங்கே இருந்தது. 1963-இல் விவேகானந்தர் நூற்றாண்டின்போது விவேகானந்தர் இல்லம் ஆனது. பாஸ்டன் ஐஸுக்காக இந்தியாவில் கட்டிய மூன்று கிடங்குகளில் கல்கத்தாவினுடையதும் பம்பாயினுடையதும் இடிந்து போய்விட்டன. நிற்பது நம்முடையது ஒன்றுதான். பெயர்ப் பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு அந்தப் பகுதி இன்றும் ஐஸவுஸ்தான். காவல் நிலையத்துக்கும் அதே பெயர்.

அடுத்த வாரம் மெட்ராஸில் இயந்திரம் எப்படி ஐஸ் செய்தது என்று பார்க்கலாம். அதற்கு முன் வாசகர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள், மரத்தூளிலோ உமியிலோ ஐஸ் பார் வைத்து வியாபாரம் செய்தவர்கள், மீன்பிடி வாடிகளில் ஐஸைக் கோடை முழுக்கக் காப்பாற்றியவர்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், எதைப் போட்டு மூடினார்கள், எத்தனை நாள் நின்றது என்று அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள்.

(தொடரும்)